இருந்தவளை இல்லை என்று எழுதினேன்

முப்பத்திரண்டு ஆண்டுகள் வருவாய்த்துறையில் வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் பேசிய எல்லோரும், ஒரு மெமோகூட வாங்காமல் வெளியே போகிற மனிதர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். அது உண்மைதான். கையூட்டு வாங்கியதில்லை. கோப்பைத் தேக்கி வைத்ததில்லை. மாலையும் கழுத்துமாக அந்த மேடையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில், நான் அநியாயம் செய்த ஒரு சிறுமியின் முகம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. வந்திருக்க வேண்டும். வராமல் போனதையும் என் குற்றக் கணக்கில் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2003-ல் நான் தென்மாவட்டம் ஒன்றில் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். என் பிர்காவுக்குள் இலங்கை அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. பழைய கிட்டங்கியும், அதைச் சுற்றிப் பத்துக்குப் பத்து அளவில் தார் ஷீட் வேய்ந்த வீடுகளும். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் பல இடங்களில் சுவர் கிடையாது, சேலைதான். 1990-ல் போர் மறுபடி மூண்டபோது மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிவு செய்து, லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட இடம் அது. சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள், பதின்மூன்று வருடங்களாக அங்கேயே இருந்தார்கள்.

முகாமில் மாதந்தோறும் பணக்கொடை வழங்குவோம். அன்றைக்குக் குடும்பத் தலைவருக்கு 200 ரூபாய். மற்ற பெரியவர்களுக்கு 144. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட முதல் பிள்ளைக்கு 90, அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு 45. ரேஷன் அரிசி கிலோ 57 பைசா. இதைக் கொடுப்பதற்குமுன் ஆள் கணக்கு எடுப்போம். முகாம்காரர்களும் நாங்களும் அதைச் செக்கிங் என்போம். வேப்ப மரத்தடியில் மேசை போட்டு, பதிவேட்டை விரித்து, குடும்ப எண்ணைக் கூப்பிட்டால், கைக்குழந்தை முதல் கிழவி வரை அந்தக் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரும் எதிரில் வந்து நிற்க வேண்டும். நின்றால் டிக். இல்லையென்றால் இல்லை.

2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம் வந்திருந்தது. ஊரைப் பார்க்கும் ஆசையில் சிலர் சத்தமில்லாமல் படகேறிப் போகிறார்கள், பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கிறது என்று பேச்சு. செக்கிங்கை இறுக்கிப் பிடியுங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள். நானும் இறுக்கினேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று யாரும் எனக்கு அளவு சொல்லவில்லை. அது என் கையில் இருந்தது.

செப்டம்பர் மாதம், காலாண்டுத் தேர்வு வாரம். காலை எட்டரை மணி இருக்கும். முகாமுக்குப் போகிற மண்சாலையில் என் டி.வி.எஸ். 50-ல் போய்க்கொண்டிருந்தேன். எதிரே முகாம் பிள்ளைகள் நாலைந்து பேர் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களுடைய பள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கடைசியாக வந்த சிறுமிக்குப் பதினோரு வயது இருக்கும். இரட்டைச் சடை, துவைத்துத் துவைத்து வெளுத்த நீலப் பாவாடை. நெஞ்சோடு ஓர் அட்டையை அணைத்திருந்தாள். தாளெல்லாம் கிழித்து முடிந்த தினசரி காலண்டரின் அட்டை அது. மேலே முருகன் படம், கீழே ஏதோ ஒரு நகைக்கடையின் பெயர், தலையில் ஒரு கிளிப். அதுதான் அவளுடைய பரீட்சை அட்டை. வண்டிக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கி நின்று, "குட் மார்னிங் சார்" என்றாள். நான் தலையசைத்துவிட்டுப் போனேன்.

அவளை நான் பார்த்தேன். அவள் எங்கே போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அந்தக் குடும்பத்தின் எண் வந்தது. தகப்பனார் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். தாயார் நின்றார். மூத்த பையன் நின்றான். நாலாவது பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தாயார் ஓரடி முன்னால் வந்தார்.

"ஐயா, பிள்ளை சோதினைக்குப் போட்டுது. முடிஞ்ச கையோட ஓடி வந்திடும். கொஞ்சம் பொறுங்கோ ஐயா."

"செக்கிங் அன்னைக்கு எல்லாரும் நிக்கணும்னு நேத்தே சொல்லி விட்டமா இல்லையா? உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

இப்படித்தான் கேட்டேன். உனக்கு என்றேன். அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு. அவரை என் தெருவில் பார்த்திருந்தால் வாங்க, போங்க என்றுதான் பேசியிருப்பேன். முகாமுக்குள் நுழைந்ததும் என் நாக்கு தானாகவே ஒருமைக்கு மாறிவிடும். எழுபது வயதுப் பெரியவரையும் நீ என்றுதான் கூப்பிட்டேன். யாரும் எனக்கு அப்படிப் பேசச் சொல்லித் தரவில்லை. யாரும் அப்படிப் பேசாதே என்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் கியூ பிரிவுக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் குனிந்து மெதுவாக, "ஸ்கூல் பிள்ளைதானே சார், பாத்துக்கலாம்" என்றார். காவல்துறைக்காரரே இளகி நின்ற இடத்தில் நான் இளகவில்லை. அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "இல்லை" என்று எழுதினேன்.

ஒரு மணிக்கு மேல் வேலை முடிந்தது. பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். சாலைப் பக்கமிருந்து அந்தச் சிறுமி ஓடி வந்தாள். நாலு கிலோமீட்டரையும் ஓடித்தான் வந்திருக்க வேண்டும். ஒரு சடையில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கையில் அந்தக் காலண்டர் அட்டை. மேசைக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்க, "சார், நான் வந்துட்டேன் சார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பழகிய நம் ஊர்த் தமிழ். பிறகு தாயாரைப் பார்த்துத் திரும்பி, "அம்மா, ஐயா எழுதிட்டாரோ?" என்று அவர்கள் வீட்டுத் தமிழில் கேட்டாள்.

பதிவேடு பைக்குள் பாதி போயிருந்தது. அதை வெளியே எடுத்து, ஒரு சொல்லை அடித்து, சுருக்கொப்பம் போட அரை நிமிடம் ஆகியிருக்கும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அவளுக்கு அந்த மாதம் வர வேண்டியிருந்தது 45 ரூபாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். மேலதிகாரிக்குப் பயந்தேன், விதி அப்படி இருந்தது என்பது அந்தப் பதில். பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. தாலுகா அலுவலகத்தில் நான் பத்து பேருக்குக் கீழே நிற்கிறவன். இங்கே நூற்றுக்கணக்கானவர்கள் என் பேனா நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் ஒருவருக்கு விரோதமாக எழுதினால் அவர் மறுநாள் வார்டு உறுப்பினரையோ வட்டச் செயலாளரையோ அழைத்துக்கொண்டு வருவார். இவர்களுக்காக வர யாரும் இல்லை. ஓட்டு இல்லாதவர்களுக்குச் சிபாரிசும் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் செய்தேன்.

இன்னொன்றும் உண்டு. அவர்களைப் பார்க்கும்போதே ஏதோ ஏமாற்றத்தான் போகிறார்கள் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப் போயிருந்தது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலைக்குப் பிறகு, முகாமில் இருந்த ஒவ்வொருவரும் சந்தேகத்துக்குரியவர் ஆனார். இந்தச் சிறுமி பிறந்ததே அதற்கு அடுத்த வருடம். அவள் பிறக்கும் முன்பே நடந்துவிட்ட ஒன்றுக்கான சந்தேகத்தையும் அவள் தலையில் வைத்துத்தான் நான் பார்த்தேன்.

அடுத்த மாதச் செக்கிங்கில் நடந்தது இதைவிடக் கொடுமை. அன்று பள்ளி வேலை நாள். ஆனால் முகாமில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வந்து வரிசையில் நின்றார்கள். எல்லாப் பெயருக்கும் டிக். வருகை முழுமை என்று அறிக்கை எழுதினேன். செக்கிங் சுத்தமாக நடந்தது என்று அலுவலகத்தில் நல்ல பெயர் கிடைத்தது. ஒரு முகாமின் பிள்ளைகள் மொத்தமும் அன்று வகுப்புக்குப் போகவில்லை என்பதை அந்த அறிக்கையில் எழுத இடம் இல்லை. அதற்கப்புறம் செக்கிங் நாள் என்றால் பள்ளிக்கூடம் கிடையாது என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அதை ஆரம்பித்து வைத்தவன் நான்.

சிவப்பு மையில் விழுந்த சொல் அவ்வளவு எளிதில் அழியாது. முகாமில் பதிவை வெட்டிவிட்டார்கள் என்பார்கள். வெட்டுவதற்கு ஒரு சொல் போதும். ஒட்டுவதற்கு மனு, விசாரணை, பரிந்துரை, ஆணை என்று நாலு படி ஏற வேண்டும். அந்த அம்மா தாலுகா அலுவலகத்துக்கு ஐந்து முறை வந்தார். மூன்றாவது முறை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சீருடையோடு என் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "ஐயா, பிள்ளையைப் பாருங்கோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றை எந்தத் தாய் கொண்டுவர முடியும்? நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எழுத்துபூர்வமா மனு குடுங்க" என்றேன்.

மனு வந்தது. குழந்தை பிறந்த இடம் என்ற வரியில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் பெயர். தகப்பனாரின் பூர்வீகம் என்ற வரியில் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர் ஒன்று. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கண்டிச் சீமைக்குப் போனவராம். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைக்குப் போகிற தோட்டத் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வைத்திருந்த இடம்தான் மண்டபம் முகாம். பாட்டன் மண்டபம் வழியாகக் கூலியாகப் போனார். பேரன் அதே மண்டபம் வழியாக அகதியாகத் திரும்பினார். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு இத்தனை லட்சம், இலங்கைக்கு இத்தனை லட்சம் என்று மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தப் பங்கீட்டில் சிக்கிச் சிதறிய குடும்பங்களில் ஒன்று என் மேசைக்கு முன்னால் நின்றது. மனுவில் இவ்வளவையும் படித்தேன். படித்துவிட்டு, விசாரிக்கவும் என்று எழுதிக் கோப்புக் கட்டுக்குள் வைத்தேன். அவள் பெயர் பதிவேட்டில் மறுபடி ஏறியபோது பொங்கல் கழிந்திருந்தது.

அதற்குப் பிறகும் அந்த மண்சாலையில் அவளைப் பார்த்திருக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டதும் சாலையை விட்டு இறங்கி, சீமைக் கருவேலங்காட்டுக்குள் போய் எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நான் கடந்து போன பிறகுதான் மேலே ஏறுவாள். அவள் வாயிலிருந்து "குட் மார்னிங் சார்" நான் மறுபடி கேட்கவில்லை. எனக்கும் வீட்டில் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள். சாயங்காலம் அவளிடம் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்கிற தகப்பனாகத்தான் இருந்தேன். இரண்டு மனிதராக இருப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை.

பிறகு மாற்றலாகிப் போய்விட்டேன். மறந்தும் போனேன். 2016 மார்ச்சில் ஒரு காலை, செய்தித்தாளைப் பிரித்தேன். மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில் செக்கிங் நடந்த நாளில், மருத்துவமனையில் இருந்த தன் மகனின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்ட ஒரு தகப்பன், அதிகாரியோடு ஏற்பட்ட வாக்குவாதத்துக்குப் பிறகு தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று இருந்தது. அந்த ஊரும் வேறு, அந்த அதிகாரியும் வேறு. ஆனால் அந்த மேசையும் பதிவேடும் "பிள்ளை வந்திடும் ஐயா" என்ற குரலும் எனக்குப் புதிதில்லை. காபி ஆறிப் போனது. என் மரத்தடியில் யாரும் சாகவில்லை என்பது என் நல்லதனத்தால் நடந்ததில்லை. அந்தத் தாயின் பொறுமையால் நடந்தது.

அந்த வாரமே பஸ் ஏறிப் போனேன். கிட்டங்கி இடிந்திருந்தது. சில வீடுகளுக்குக் காங்கிரீட் கூரை வந்திருந்தது. நான் தேடிப் போன வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. பழைய குடும்பம் கடல் வழியாக ஆஸ்திரேலியா போகப் புறப்பட்டது, பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் செக்கிங் ஐயாதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று உள்ளே போனார். அந்த ஒரு டம்ளர் தேநீரைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்க வேண்டிய ஆள் இல்லை. அதனால் ஊரறியச் சொல்கிறேன்.

என் தவறைச் சொன்னால் மட்டும் போதாது. அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது எது என்றும் சொல்ல வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம்தான் அவர்களைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. 2025-ல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது சலுகை. நீ எங்களவள் என்பதுதான் உரிமை. உரிமை இல்லாத இடத்தில் எல்லாமே என் போன்ற ஒருவனின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆர்.ஐ. நல்லவராக இருந்தால் அந்த மாதம் நல்ல மாதம்.

1983-லிருந்து அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய் அதை நிலைநாட்டி, 2024-ல் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. என் பதிவேட்டுச் சிறுமி 1992-ல் பிறந்தவள். தமிழ்நாட்டு மருத்துவமனையில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டு, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி வளர்ந்தாலும் அவள் வெளிநாட்டவள். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. பணக்கொடையையும் கூட்டியது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியபோது எனக்கு அழுகை வந்தது. பெயர்ப் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. பலகைக்குக் கீழே மேசை போட்டு உட்காருகிறவனின் நாக்கை மாற்றுவதுதான் பெரிய வேலை.

ஆஸ்திரேலியா என்று சொன்னார்களே, அதனால் அந்த நாட்டுச் செய்தி எது வந்தாலும் தேடிப் படிக்கிறவனாகிவிட்டேன். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயீலா என்று ஒரு சிற்றூர். தனித்தனியாகப் படகில் போய்ச் சேர்ந்த இலங்கைத் தமிழர் இருவர் அங்கே தம்பதியாக வாழ்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை. 2018 மார்ச்சில் ஒரு விடிகாலை அதிகாரிகள் வந்து நால்வரையும் கூட்டிப் போனார்கள். 2019-ல் நடுக்கடலில் இருக்கும் கிறிஸ்மஸ் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். 2021-ல் சின்னக் குழந்தைக்கு உடம்பு மோசமாகி, விமானத்தில் பெர்த் நகரத்துக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் குழந்தையின் நாலாவது பிறந்தநாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது.

அந்த ஊர்க்காரர்கள் செய்ததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. இந்தக் குடும்பம் எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று நாலு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், தலைநகரம் வரை போனார்கள், விடவே இல்லை. 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. பிறகு நிரந்தரமாகத் தங்கவும் அனுமதி கிடைத்தது. அந்த ஊருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். "பொறுங்கோ" என்ற சொல்லுக்கு எந்த அகராதியும் பார்க்காமலே எனக்குப் பொருள் தெரியும். ஆனாலும் நான் பொறுக்கவில்லை. மொழி ஒன்றாக இருந்தால் இரக்கம் தானாக வந்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறோம். அது வராது என்பதற்கு நானே சாட்சி. இரக்கத்தை ஒருவன் ஒவ்வொரு நாளும் தானே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-லேயே இணைந்துவிட்டது. குழந்தையைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் அதன் நலனே முதன்மையாக இருக்க வேண்டும் என்கிறது அது. அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பும் உதவியும் தர வேண்டும் என்று தனியாகவே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. நான் சிவப்பு மையை எடுத்தபோது அந்த இணைவுக்கு ஏறத்தாழப் பதினோரு வயது. அந்தச் சிறுமிக்கும் அதே வயது. எனக்கு அப்படி ஓர் உடன்படிக்கை இருப்பதே தெரியாது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே, அந்த மேசையில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சிலவற்றைக் கேட்கிறேன். எந்த முகாமிலும் பள்ளி வேலை நாளில் ஆள் கணக்கு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் "இருக்கிறாள்" என்று எழுதிய பிள்ளையை ஆர்.ஐ. "இல்லை" என்று எழுத முடியாது என்று ஓர் ஆணை போடுங்கள். பிள்ளையின் பெயரை நீக்க வேண்டுமென்றால் ஒரு தனி மனிதனின் பேனாவுக்கு அந்த அதிகாரம் இருக்கக் கூடாது. 2022 மார்ச்சில் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்தபோது, கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தை அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல் படை மீட்டுக்கொண்டு வந்தது. இப்படிக் கரை சேருகிற பிள்ளை முதலில் பார்க்கிற முகம் வழக்கு எழுதுகிறவரின் முகமாக இருக்கக் கூடாது. பால் கொடுக்கிறவரின் முகமாக இருக்கட்டும். விசாரணை மறுநாள் நடக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த நாட்டைக் கொடுங்கள். அவர்களுக்கு வேறு நாடு தெரியாது.

இன்றைக்கு எந்த முகாமிலோ மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விதி உங்கள் கையைக் கட்டியிருக்கும். முழுவதும் கட்டியிருக்காது. ஒரு விரல் அசைகிற அளவு எப்போதும் இடம் இருக்கும். எனக்கு இருந்தது. அந்த ஓர் இடத்தில்தான் நீங்கள் யார் என்பது தெரியும். ஒரு தாய் கொஞ்சம் பொறுங்கோ என்று சொன்னால் பொறுங்கள். சாலையைப் பாருங்கள். யாராவது ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

அவள் இப்போது முப்பது வயதைத் தாண்டிய பெண். எந்த நாட்டில் எந்தக் கரையில் இருக்கிறாளோ, கடல் அவளைக் கரை சேர்த்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்தப் பதிவேடும் இப்போது எந்தப் பழைய அறையில் கிடக்கிறதோ. அதில் நான் எழுதியதைத் திருத்தும் அதிகாரம் ஓய்வு பெற்றவனுக்குக் கிடையாது. இங்கே திருத்துகிறேன்.

2003 செப்டம்பர் மாதச் செக்கிங்கில் அந்தக் குடும்பத்தின் நாலாவது பெயர், ஆறாம் வகுப்பு மாணவி, காலாண்டுத் தேர்வு எழுதப் போயிருந்தாள். காலை எட்டரை மணிக்கு மண்சாலையில் நானே நேரில் பார்த்தேன். இருக்கிறாள்.